பெயர் காக்கும் மாற்றுக்குறி

பொற்கொல்லர் தமக்குள் பேசும்போது பொன்னைப் ‘பறி’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இத்தகைய சொற்களைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கின் மூன்று பிரிவுகளுள் ஒன்றாக வைத்தது. மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் அந்நூலின் உரையாசிரியர்கள் தந்தவை. பட்டறையில் அயலார் அமர்ந்திருக்கும்போதும் பொன்னைப் பற்றிப் பேச வேண்டிய தேவை தொழிலாளர்க்கு இருந்தது. சொல்லை மாற்றினால் பொருள் மறையும், வேலையும் தடைப்படாது.

பொன் என்னும் சொல்லைப் ‘பறி’ என்னும் சொல்லிலிருந்து அயலார் ஊகித்துவிட முடியாது. இரண்டையும் இணைக்கும் கயிறு அக்குழுவினரின் நினைவில் மட்டுமே இருந்தது. இன்று கணினியில் மனிதர்களின் பெயர், முகவரி, நோய் முதலிய மறைக்கத்தக்க செய்திகளைக் காக்கும் ‘டோக்கன்’ முறையும் இக்கருத்தின்மேல் அமைந்ததே. டோக்கனை இப்பாடம் மாற்றுக்குறி என்னும் சொல்லாலும் வழங்குகிறது. குழூஉக்குறிக்கு ஒரு குறையும் உண்டு. உரையாசிரியர்கள் எழுதிவைத்த அன்றே அதன் மறைபொருள் வெளியாகிவிட்டது. இலக்கண வகுப்பில் அமர்ந்த மாணவர் அனைவரும் பறி என்றால் பொன் என்று அறிவர்!

கோயில் வாயிலில் காலணியை ஒப்படைப்பவர்க்குக் கொடுக்கப்படும் வில்லையை எண்ணிப் பார்த்தால் முறை எளிதில் விளங்கும். வில்லையில் 47 என்னும் எண் மட்டும் உள்ளது. காலணி தோலால் ஆனதா, ரப்பரால் ஆனதா, அதன் உரிமையாளர் எவ்வூரார் என்பவற்றை அந்த எண்ணை எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அறிய இயலாது. விடை, காப்பாளரின் அடுக்கில் 47ஆம் அறையில் உள்ளது. ஆனால் வில்லை வேறொருவர் கையில் சிக்கினால், அவர் அதைக் காட்டிக் காலணியைப் பெற்றுச் சென்றுவிடலாம். ஆகவே குறியைப் பெறுபவர் யார் என்று சோதிப்பதும் காப்பாளரின் கடமையாகிறது.

எண்களுக்குக் கிடைத்த காப்பு

இந்தியாவில் மாற்றுக்குறி முறை பொதுமக்களிடம் பரவலாக வந்து சேர்ந்தது வங்கி அட்டைகளின் வழியே ஆகும். இணையக் கடைகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தம் கணினியிலேயே சேமித்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கடையின் கணினிக்குள் புகுந்த திருடர்க்கு எல்லா எண்களும் ஒருசேரக் கிடைக்கும். 2022 அக்டோபர் 1 முதல் அட்டையை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பு நிறுவனமும் தவிர வேறெவரும் அட்டையின் விவரங்களைச் சேமிக்கலாகாது என்னும் இந்திய ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தது. கடையிடம் இப்போது இருப்பது மாற்றுக்குறி. ஒரே அட்டைக்கு ஒரு கடையில் ஒரு குறி, மற்றொரு கடையில் வேறொரு குறி. ஒரு கடையிலிருந்து களவாடிய குறி மற்றொரு கடையில் செல்லாது.

ஆதார் எண்ணுக்கும் இத்தகைய காப்பு உண்டு. 12 இலக்க ஆதார் எண்ணுக்கு மாற்றாக 16 இலக்கங்கள் கொண்ட மெய்நிகர் எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் வசதியை ஆதார் ஆணையம் 2018இல் கொண்டுவந்தது. அவ்வெண்ணிலிருந்து ஆதார் எண்ணைக் கணக்கிட்டு அறிய முடியாது. வேண்டும்போது பழையதை நீக்கிப் புதியதைப் பெறலாம். அதற்கு முன்பே, 2017இல், ஆதார் எண்களைச் சேமிக்கும் நிறுவனங்கள் அவற்றைத் தனிப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டு, அன்றாட வேலைகளுக்கு ஒரு சுட்டுக்குறியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியிருந்தது.

எழுத்துகளின் சிக்கல்

அட்டை எண்ணும் ஆதார் எண்ணும் பத்து இலக்கங்களால் ஆனவை. பெயர் அத்தகையதன்று, அது மொழியால் ஆனது. மொழிக்கு இலக்கணம் உண்டு; அவ்விலக்கணமே மறைத்ததைக் காட்டிக்கொடுக்கவும் கூடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாட்டில் உள்ள கொட்டாரம் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். மலையாளத்தில் அரண்மனை என்றும் தமிழில் களஞ்சியம் என்றும் பொருள்படும் சொல் அது. இப்பெயரை மறைக்க விரும்பும் ஒருவர், மெய்யெழுத்து வரிசையில் ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்ததாக மாற்றி எழுதுகிறார் எனக் கொள்வோம். ககரம் ஙகரம் ஆகும். டகரம் ணகரம் ஆகும். ரகரம் லகரம் ஆகும். மகரம் யகரம் ஆகும். கொட்டாரம் ‘ஙொண்ணாலய்’ என மாறிவிடுகிறது. பார்த்த அளவில் எவர்க்கும் விளங்காத சொல்தான். ஆயினும் தமிழறிந்த ஒருவர் இதை அவிழ்க்க நெடுநேரம் ஆகாது. ஙொ என்னும் எழுத்து மொழிக்கு முதலில் வாராது. ஆகவே இது மாறுவேடம் என்பது முதற்பார்வையிலேயே தெரிந்துவிடும். எழுத்துகள் ஐந்து. இரண்டாம் எழுத்தின் மெய்யே மூன்றாம் எழுத்திலும் இரட்டித்து வருகிறது. இவ்வடையாளங்களை வைத்துக்கொண்டு மாவட்டத்தின் ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் போதும். குளச்சலுக்கும் ஐந்தெழுத்துதான், ஆனால் அங்கே இரட்டிப்பு மூன்றாம், நான்காம் இடங்களில் வருகிறது. தக்கலையில் இரட்டிப்பு இரண்டாம், மூன்றாம் இடங்களில் உண்டு, எழுத்தோ நான்கு. தோவாளையில் இரட்டிப்பே இல்லை. இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால் பட்டியல் விரைவில் சுருங்கிவிடும்.

எழுத்துகள் வரும் அளவைக் கணக்கிட்டு மறையெழுத்தை உடைக்கும் வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிண்டி எழுதிவைத்தார். தமிழில் அவ்வேலை இன்னும் எளிது எனலாம். எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பதை மெய்ம்மயக்கம் என்னும் தலைப்பில் இலக்கண நூல்கள் வரையறுத்துள்ளன. தமிழ்ச் சொல்லில் டகர மெய்யை அடுத்து அதே டகரமோ, க, ச, ப என்பவற்றுள் ஒன்றோதான் வரும். மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இவை, இறுதியில் வரும் எழுத்துகள் இவை என்பதற்கும் விதி உண்டு. ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என மாற்றும் எந்த முறையும் இவ்விதிகளின் சுவட்டை அழிப்பதில்லை.

சிறந்த மாற்றுக்குறி முறை எழுத்துகளை நகர்த்துவதில்லை. கொட்டாரம் என்னும் முழுச் சொல்லுக்கும் நிகராக, குருட்டாம்போக்கில் எடுத்த ஐந்தெழுத்துத் தொடர் ஒன்றை வைத்து, இந்த இணையை ஓர் அட்டவணையில் பதிந்துகொள்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைக் கொண்டு ஐந்தெழுத்துத் தொடர்களை அமைத்தால் 1,18,81,376 கிடைக்கும். தமிழின் 247 எழுத்துகளைக் கொண்டு அமைத்தால் ஏறத்தாழ 91,935 கோடி தொடர்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அதற்கும் மூலச் சொல்லுக்கும் இடையே கணக்கால் அறியத்தக்க உறவு எதுவும் இராது. திறவுகோல் கொண்டு பூட்டும் மறையாக்கத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. மறையாக்கம் செய்த செய்தியைத் திறவுகோல் கிடைத்தவர் திறந்துவிடலாம். மாற்றுக்குறிக்குத் திறவுகோல் இல்லை. அட்டவணை மட்டுமே உண்டு.

கணினியில் தமிழுக்கு மற்றுமொரு இடர்ப்பாடு உள்ளது. மனிதர் கண்ணுக்குக் கொட்டாரம் என்பது கொ, ட், டா, ர, ம் என்னும் ஐந்தெழுத்து. ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் கணினி அதனை ஒன்பது குறியீடுகளாகச் சேமிக்கிறது: ககரம், ஒகரக்குறி, டகரம், புள்ளி, டகரம், ஆகாரக்குறி, ரகரம், மகரம், புள்ளி. ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட மென்பொருள், இந்த ஒன்பதையும் ஒன்பது எழுத்துகள் என்று கருதித் தனித்தனியே மாற்றினால், புள்ளியின்மேல் புள்ளியும், தாங்கும் மெய்யின்றித் தனித்து நிற்கும் கொம்பும் கொண்ட சிதைவே கிடைக்கும். திரையில் புள்ளிகளால் ஆன வெற்று வட்டங்கள் தோன்றும். தொல்காப்பியர் எழுத்து என்று எதைச் சொன்னாரோ அதுவே இங்கும் அலகாக இருக்க வேண்டும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று. ஒகரக்குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு பதிவில் ஒன்பது குறியீடுகள், மற்றொன்றில் பத்து. கணினி இவ்விரண்டையும் வெவ்வேறு ஊர்கள் என்று எண்ணி இரண்டு மாற்றுக்குறிகளைக் கொடுத்துவிடும். எனவே குறி இடுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது.

ஒருவர் இருவராகும் இடம்

கொட்டாரத்தைச் சேர்ந்த ஆறுமுகம் என்பவர் காசநோய்க்காக ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். முதல்முறை அவர் பெயர் தமிழ்த் தலைப்பெழுத்துடன் ‘சு. ஆறுமுகம்’ எனப் பதிவாகிறது; அடுத்தமுறை ‘எஸ். ஆறுமுகம்’ எனப் பதிவாகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் முதலில் ஒற்றை ‘ஏ’ இடுகிறார்; மற்றொருவர் இரண்டு இடுகிறார். பெயருக்கு மட்டும் மாற்றுக்குறி இடும் மென்பொருளில் அவர் மூன்று நான்கு மனிதர்களாகிவிடுவார். எந்த மருந்து அவருக்கு ஒவ்வாதது என்னும் குறிப்பு முதல் குறியின்கீழ் இருக்கும். மருத்துவர் மூன்றாம் குறியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். மறைப்பதில் காட்டும் கவனத்தை அடையாளம் காண்பதிலும் காட்டாவிட்டால், காப்பு முறையே நோயாளிக்குக் கேடாகிவிடும்.

இதற்கு மறுதலையான இக்கட்டும் உண்டு. ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே குறி என விதித்தால் பதிவுகள் பிரியமாட்டா. ஆனால் அதிகமாக வரும் குறி, அதிகமாக வழங்கும் பெயருக்கு உரியது என ஊகிக்க அது வழிவிடும். பட்டியலில் ஒரு குறி நூறுமுறை வருகிறது என்றால் அது அவ்வூரில் பலர்க்கும் இடப்படும் பெயராகத்தான் இருக்கும். அல்கிண்டியின் கணக்கு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. அதனால் பெயருக்கு மட்டும் குறியிடாமல், ஆளுக்கு ஒரு குறி என்னும் முறையையே மருத்துவப் பதிவுகளுக்கு ஏற்றதாகக் கொள்ளலாம்.

பெயர் தன்னைத் தாங்குபவரைப் பற்றிப் பலவற்றையும் சொல்லிவிடுகிறது. தாணுமாலயன் என்னும் பெயரைக் கேட்டவுடன் சுசீந்திரத்துக் கோயிலும் நாஞ்சில் நாடும் நினைவுக்கு வரும். சமயம், பால், சில வேளைகளில் தலைமுறையும்கூடப் பெயரிலிருந்து தெரியவரும். ஆகவே பெயரின் முதலெழுத்தை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை மறைப்பது, பெண்பெயருக்குப் பெண்பெயரையே மாற்றாக இடுவது போன்ற அரைகுறை முறைகள் மறைக்க வேண்டியவற்றுள் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன.

வேம்பு காட்டிக்கொடுத்த வேந்தன்

பெயரை முற்றிலும் நீக்கிவிட்டால் அடையாளமும் நீங்கிவிடுமா? இவ்வினாவைத் தமிழிலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டது. அகப்பாடலில் தலைவன், தலைவி ஆகியோரின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. ஒருவரின் அந்தரங்கம் ஊரறிந்த பெயருடன் ஒட்டிக்கொள்ளாதபடி அது காக்கிறது. தலைவன், தலைவி, தோழி என்பவை பெயர் நின்ற இடத்தில் நிற்கும் மாற்றுக்குறிகளே.

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் அரசன் பெயரையோ அரசி பெயரையோ கூறவில்லை. பிரிந்த தலைவியின் துயரும் பாசறையில் உள்ள தலைவனின் நிலையும் அதில் இடம்பெறுகின்றன. பார்வைக்கு அது அகப்பாடலே. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை அகம் எனக் கொள்ளவில்லை. பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி என்பதை அறிந்தவர் எவரும் இவன் பாண்டியன் என்று உணர்ந்துவிடுவர். அடையாளம் வெளிப்பட்டுவிட்டதால் பாட்டு புறம் ஆயிற்று என்பது அவர் கொள்கை. பெயர் சொல்லவில்லை, ஒரு பூ சொல்லிவிட்டது. தரவுப் பாதுகாப்பை இன்று கற்பவர்க்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2006இல் அமெரிக்க நிறுவனமாகிய ஏ.ஓ.எல்., ஏறத்தாழ ஆறரை இலட்சம் பயனாளர்கள் இணையத்தில் தேடிய இரண்டு கோடியளவிலான சொற்றொடர்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பயனாளர் பெயர்களை நீக்கி அவ்விடத்தில் எண்களை இட்டிருந்தது. தேடிய சொற்களையோ அப்படியே விட்டுவிட்டது. தம் ஊர், தம் குடும்பப்பெயர் கொண்ட உறவினர், தம் உடல்நலக்குறை முதலியவற்றை மனிதர்கள் தேடியிருந்தனர். ஓர் எண்ணின்கீழ் இருந்த தேடல்களைத் தொகுத்துப் பார்த்த செய்தியாளர்கள் சில நாட்களுக்குள் அவ்வெண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டுக்கே சென்றுவிட்டனர். வெளியீடு தவறு என ஒப்புக்கொண்டு நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பிறர் படியெடுத்துவிட்டனர். அங்கே வேம்பாக நின்றவை அவர் தட்டச்சு செய்த சொற்கள்.

பெருநகரில் ஒளிந்துகொள்வது எளிது, சிற்றூரில் அவ்வாறன்று. மருத்துவப் பதிவொன்றில் பெயருக்குக் குறி இட்டபின், ‘வயது 44, ஆண், மருந்துக்கடை உரிமையாளர், கொட்டாரம்’ என்று எஞ்சியிருந்தால் அவ்வூரார்க்கு அது போதும். சென்னைக்கு அதே வரி எவரையும் சுட்டாது. ஆகவே ஊர்ப்பெயரை மாவட்டப்பெயராக அகலப்படுத்துவது, வயதை 40 முதல் 50 வரை என வரம்பாக எழுதுவது, தொழிலை வணிகம் எனப் பொதுமையாக்குவது ஆகியவை மாற்றுக்குறியுடன் சேர்ந்தே செய்யப்பட வேண்டும். மருத்துவர் கைப்படத் தட்டச்சு செய்யும் குறிப்புகள் மேலும் கடினமானவை. ‘மூத்த மகன் குவைத்தில் பணிபுரிகிறார்’ என ஒரு வரி அதனுள் கிடக்கும். பெயர்ப்பத்தியை மட்டும் சோதிக்கும் மென்பொருள் அதைக் காணாது.

சட்டம் வேண்டும் மறைப்பு

இம்மறைப்பு வெறும் கூச்சத்தின் பாற்பட்டதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் தொற்று உள்ளவர்கள் நோயைவிட ஊராரின் ஒதுக்கலுக்கே அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. வேலை, வாடகை வீடு, பிள்ளையின் பள்ளியிடம் ஆகியன ஒரு பெயர் வெளியானதால் பறிபோகக்கூடும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ளவர் வழக்குத் தொடுக்கும்போது அவருடைய உண்மைப் பெயருக்கு மாற்றாகப் புனைபெயரை இட்டு விசாரணையை நடத்த நீதிமன்றத்திற்கு வழிவகுத்துள்ளது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. இதன் பழைய வடிவம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவில் இருந்தது. அங்கும் பெயர் மட்டுமன்றி, அடையாளத்தை அறியச் செய்யும் எந்தச் செய்தியும் தடைக்கு உட்பட்டது. நச்சினார்க்கினியர் வேம்பைக் கண்டதுபோலவே சட்டமும் கண்டிருக்கிறது.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

தொலைந்த அட்டவணை

மாற்றுக்குறி முறையில் எல்லாமும் அட்டவணையிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அது திருடர் கையில் சிக்கினால் அனைத்துப் பெயர்களும் ஒருசேர வெளியாகும். அது அழிந்துவிட்டாலோ குறிகள் குறிகளாகவே நின்றுவிடும். சங்கப் புலவர் சிலரின் நிலை அத்தகையது. அவர்களுடைய இயற்பெயர்கள் தொகுத்தோர்க்குக் கிடைக்கவில்லை. அவரவர் பாடலில் அமைந்த அரிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என அவர்களை வழங்கினர். அழகான பெயர்கள்தாம், ஆனால் இவற்றின் பின்னால் இருந்த மனிதர் எவ்வூரார், எவர் மக்கள் என்பதைச் சொல்லும் அட்டவணை எங்கும் இல்லை.

இதனால் பெட்டகத்தை அமைப்போர் அட்டவணையை மறையாக்கம் செய்து ஓரிடத்திலும், அதன் திறவுகோலைத் தனிக் கருவியொன்றில் வேறிடத்திலும் வைக்கின்றனர்; அட்டவணையின் படியைத் தொலைவில் உள்ள மற்றொரு நகரில் காக்கின்றனர். பெட்டகத்தைத் திறந்தவர் யார், எப்போது, எப்பெயரைக் கேட்டார் என்பதும் பதிவாகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் குளச்சல் கடற்கரையையும் அதன் வீடுகளையும் இழந்த குமரி மாவட்டத்தார்க்கு, எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பதன் இடரை விளக்க வேண்டியதில்லை.